ஆள் நிறைந்தால் கிளம்பும் வண்டி

சவரியப்பன் அண்ணாச்சி கண்ணில் புரை விழுந்து, திருப்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பத்தாம் நாள், ஒரு திங்கட்கிழமை காலை ஏழு பத்துக்கு, ஊருக்குள் ரோடு பிரியும் ஆவரங்காட்டு விலக்கின் வேப்பமரத்தடியில் சும்மா நின்றுகொண்டிருந்த அவருடைய ஷேர் ஆட்டோ தானாக உறுமி, தானாகக் குலுங்கி, அவர் அடிப்பதுபோலவே இரண்டு குட்டை ஹாரன் அடித்து ஆள் கூப்பிட்டு, நாங்கள் பதினாலு பேரும் ஏறி முடித்ததும் ஒரு நீள ஹாரன் அடித்துவிட்டு டவுனைப் பார்த்துக் கிளம்பியது. ஓட்டுகிற இடத்தில் ஆள் இல்லை. அதைப் பற்றி நின்று பேச எங்களுக்கு நேரமும் இல்லை. எட்டு மணிக்குள் தீப்பெட்டி ஆபீசிலும் ஜவுளிக்கடையிலும் பாத்திரக்கடையிலும் போய் நிற்காவிட்டால் அரை நாள் போய்விடும் என்பதால், முதலில் போய்ச் சேருவோம், அப்புறம் ஆச்சரியப்பட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம். அந்த அப்புறம் வரவே இல்லை.

டவுன் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் கருத்தபாண்டி மட்டும் பாதி வழியில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, "கியர் மாத்துறது அண்ணாச்சியை விட நல்லாத்தான் இருக்கு" என்றான். மெக்கானிக்கே சொன்ன பிறகு எங்களுக்கு என்ன வந்தது? மறுநாளும் ஏறினோம், அதற்கு மறுநாளும் ஏறினோம். வண்டி பள்ளம் பார்த்து ஒதுங்கியது, ரோட்டில் படுத்திருந்த நாய் சோம்பல் முறித்து எழுந்திருக்கும் வரை பொறுமையாக நின்றது, டீசல் குறைந்தால் தானே பெட்ரோல் பங்குக்குத் திரும்பியது. டீசலுக்கென்று முன்பக்கம் ஒரு தகரச் சம்படத்தை வைத்து அதில் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டுக்கொண்டோம். விலக்கில் டீக்கடை வைத்திருக்கும் ஆண்டபெருமாள் அண்ணன் சவரியப்பன் அண்ணாச்சிக்கு வைப்பதுபோலவே ஏழு மணிக்கு ஒரு டம்ளர் டீயை ஸ்டியரிங் பக்கத்தில் வைப்பார், ஐந்து நிமிஷம் கழித்து ஆடை படிந்த டீயை எடுத்து மரத்தடியில் ஊற்றுவார், ஒரு நாள்கூடத் தவறியதில்லை. சோதனைச் சாவடியில் நின்ற காவலர் ஒருவர் வண்டியை மறித்து, எட்டிப் பார்த்துவிட்டு, "டிரைவர் எங்கம்மா?" என்று கேட்டார். "திருப்பூர்ல இருக்காக" என்றோம். "எப்ப வருவாரு?" என்றார். "புரை எடுத்த பிறகு" என்றோம். அவர் கொஞ்ச நேரம் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார், பிறகு வெயில் ஏறுகிறது, போங்கள் என்று விட்டுவிட்டார். ஓட்டுகிற ஆள் இல்லாத வண்டிக்கு எங்கள் பக்கத்தில் நடந்த விசாரணை அவ்வளவுதான்.

இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, சவரியப்பன் அண்ணாச்சியின் பழக்கம். ஆள் நிறையாமல் வண்டியை எடுக்க மாட்டார் மனுஷன். ஒரு காலை வெளியே தொங்கப் போட்டுக்கொண்டு "இன்னும் ஒரு ஆள், ஒரே ஒரு ஆள்" என்று கூவுவார், அந்த ஒரு ஆள் வந்து ஏறியதும் மறுபடி "இன்னும் ஒரு ஆள்" என்பார். அதற்காகவே வண்டிக்கு நடுவில் கூடுதலாக ஒரு பெஞ்சை முடுக்கி வைத்திருந்தார், நான்கு பேர் முழங்காலை இடித்துக்கொண்டு உட்காரலாம். இரண்டு குட்டை ஹாரன் என்றால் ஆள் பாக்கி. ஒரு நீள ஹாரன் என்றால் ஆள் நிறைந்தது, கிளம்புகிறோம். வண்டி இந்தப் பழக்கத்தை அப்படியே பிடித்துக்கொண்டது.

இன்னொன்று, அவர் விட்டுப்போன துண்டு. நீலக் கரை போட்ட வெள்ளைத் துண்டு, ஓட்டுகிற இருக்கையில் விரித்தபடி கிடந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு எதில் பயம் இருக்கிறதோ இல்லையோ, இருக்கையில் கிடக்கும் துண்டில் பயம் உண்டு. டவுன் பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து இடம் பிடிக்கிற ஜனம் நாங்கள். ஒருவர் போட்ட துண்டை இன்னொருவர் எடுத்து ஓரம் வைத்ததற்காகக் கீழத்தெருவில் இரண்டு குடும்பம் பதினோரு வருஷமாக நல்லது கெட்டதுக்குப் போவதில்லை. அதனால் எள் போட்டால் எள் விழாத கூட்டத்திலும், ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து போன நாளிலும், அந்தத் துண்டை யாரும் தொடவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் யாரோ அதன்மேல் ஒரு முழம் மல்லிகைப்பூ வைக்கவும் ஆரம்பித்திருந்தார்கள்.

நான் அமலி. டவுனில் ஒரு பாத்திரக்கடையில் எவர்சில்வர் பகுதியில் நிற்கிறேன். நிற்கிறேன் என்றால் உண்மையாகவே நிற்கிறேன், காலையிலிருந்து ராத்திரி கடை சாத்தும்வரை உட்கார இடம் கிடையாது. அந்த வண்டியில் போகும் அரைமணி நேரமும் வரும் அரைமணி நேரமும்தான் என் கால் தரையை மறக்கும் நேரம். இடது பக்க ஜன்னலோரம் என் இடம். அந்த இடத்துக்காக நான் என்னென்ன செய்தேன் என்பதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்து வீடு செண்பகவடிவு வீடு, எங்களுக்கு அவள் வடிவு. அஞ்சாம் வகுப்பு வரை இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. இரண்டு வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு இரண்டு காலும் போய்விட்டது, சக்கர நாற்காலியில்தான் எல்லாம். டைப்பிங்கில் இரண்டு பாஷையிலும் மேல்நிலை பாஸ் பண்ணியவள். அவள் விரல் விழும் வேகத்துக்கு வீட்டு ஓட்டில் மழை பெய்கிறதோ என்று எங்கள் அம்மா பலதடவை துணி எடுக்க ஓடியிருக்கிறாள். முன்பு இரண்டு முறை வேலைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு முறை பஸ் நாற்காலியைப் பார்த்ததும் நிற்காமல் போனது. இன்னொரு முறை பேசி வைத்திருந்த கார் வரவில்லை. அண்ணன் சிவகாசியில், அம்மாவுக்கு முடக்குவாதம், யாரைக் குறை சொல்ல? மூன்றாவதாக இப்போது ஆர்டர் வந்திருந்தது. டவுனில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் தட்டச்சர் வேலை. புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போட்டுச் சேர வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அவளுக்கு வயது முப்பத்தைந்து ஆகப்போகிறது. இதற்குப் பிறகு இன்னொரு ஆர்டர் வராது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப்பக்கம் இருந்து கேட்டாள்.

"ஏட்டி அமலி, ஆளில்லாம ஓடுதாமே ஒரு வண்டி, அது என்னை ஏத்துமா?"

எனக்குச் சட்டென்று அந்த நாற்காலிதான் கண்ணில் வந்தது. அதை ஏற்ற எவ்வளவு நேரமாகும், எத்தனை பேர் இறங்க வேண்டும், யார் இறங்க வேண்டும் என்று மனசு கணக்குப் போட்டு முடித்துவிட்டது. வாய் தானாகச் சொன்னது.

"அதுல ஏதுட்டி இடம்? எப்பவும் ஃபுல்லு."

"சரி" என்றாள். "அண்ணன் கார் பிடிச்சிட்டு வாரேன்னு சொல்லியிருக்கான். சும்மா கேட்டேன்."

மறுநாள் திங்கட்கிழமை. ஏழு பத்துக்குப் பதினாலு பேரும் ஏறினோம். வண்டி உறுமியது, குலுங்கியது, இரண்டு குட்டை ஹாரன் அடித்தது. அப்படியே நின்றது.

"ஃபுல்லாத்தானே இருக்கு, கிளம்பு" என்று உள்ளேயிருந்து கத்தினோம். இரண்டு குட்டை ஹாரன். இன்னும் ஒரு ஆள் கேட்கிறது போலும் என்று டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்து ஏற்றினோம். அவருக்கு டவுனில் ஒரு வேலையும் இல்லை. இரண்டு குட்டை ஹாரன். இன்னும் இரண்டு பேரை ஏற்றினோம், ஒரு உரமூட்டைக்குச் சட்டை மாட்டி உட்கார வைத்தோம், வண்டியை ஏமாற்றிவிடலாம் என்று ஒரு நினைப்பு. இரண்டு குட்டை ஹாரன். எலுமிச்சம்பழம் வைத்தோம், சூடம் காட்டினோம், சர்ச்சிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து தெளித்தோம், எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று பள்ளிவாசல் பக்கம் போய் ஓதிய தண்ணீரும் வாங்கி வந்தோம். கருத்தபாண்டி அடியில் படுத்துப் பார்த்துவிட்டு முகமெல்லாம் கிரீஸோடு வெளியே வந்து, "வண்டியில ஒரு குறையும் இல்ல" என்றான். அன்றைக்குப் பாதிப்பேர் வேலைக்குப் போகவில்லை. செவ்வாய்க்கிழமையும் அதே கதை.

செவ்வாய் சாயங்காலம் ஆண்டபெருமாள் அண்ணன் சவரியப்பன் அண்ணாச்சிக்குப் போன் போட்டார். எல்லோரும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தார். டீக்கடை முழுக்க நாங்கள் சுற்றி நின்றோம்.

"அண்ணாச்சி, உங்க வண்டி ரெண்டு நாளா எடுக்க மாட்டேங்கு."

"ஆள் நிறைஞ்சுதா?" அவருக்கு வண்டி தானாக ஓடுவது பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

"பதினாலு பேர் இருந்தோம் அண்ணாச்சி. அதுக்கு மேலயும் ஏத்திப் பாத்தாச்சு."

திருப்பூர்த் தறிச் சத்தத்துக்கு மேல் அண்ணாச்சி குரலை உயர்த்தினார். "நான் என்னைக்காவது தலையை எண்ணியா எடுத்திருக்கேன்? போக வேண்டிய ஆள் யாரோ பாக்கி கெடக்கு. தேடிப் பாருங்கடே."

உடனே விலக்கே பரபரத்துப் போனது. யார் பாக்கி, யார் பாக்கி என்று தெருத் தெருவாகக் கேட்டுக்கொண்டு போனார்கள், ரேஷன் கடைக்காரர் அட்டை நம்பரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார். வீட்டு வாசலில் வந்து நின்றவர்களை எல்லாம் டவுனுக்குப் போகணுமா என்று கேட்டார்கள். வாசலுக்கு வர முடியாதவர்களைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தெரியும். எனக்கு அப்போதே தெரியும். நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். அவள் அண்ணன்தான் கார் கொண்டுவரப் போகிறானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு போய்ப் படுத்தேன்.

புதன்கிழமை காலையும் வண்டி எடுக்கவில்லை. பதினோரு மணிவரை நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். வடிவு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். மாம்பழக் கலர் புதுச் சேலை, தலையில் கனகாம்பரம், மடியில் பிளாஸ்டிக் ஃபைல். வாசலிலிருந்து ரோடு தெரியும். ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"அண்ணன் வரல அமலி. கார்க்காரன் கடைசி நேரத்துல மாட்டேன்னுட்டானாம். அடுத்த தடவை பாத்துக்கிடலாம்ன்னு சொல்லுதான்." ஃபைலைத் தட்டித் தட்டி நேராக்கினாள். "ஆறு மணிக்கே கிளம்பி உக்காந்துட்டேன். சேலை கசங்கிருச்சா, பாரு."

 அவளிடம் ஒன்றும் சொல்லாமல் திரும்பி ஓடினேன். எவர்சில்வர் பகுதியில் நின்று நின்று வீங்கிப்போன கால் எனக்கு, இருந்தும் அப்படி ஒரு ஓட்டம் ஓடினேன். விலக்கில் கூடிநின்ற அத்தனை பேருக்கும் நடுவில் நின்று சொன்னேன்.

"பாக்கி இருக்கிறது வடிவு. ஞாயித்துக்கிழமையே எங்கிட்ட கேட்டா. நான்தான் எடமில்லன்னு சொல்லிட்டேன். சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவ வேலையே போயிரும்."

என்னைத் திட்டுவார்கள் என்று நினைத்தேன். யாரும் திட்டவில்லை, திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். எல்லோரும் அவரவர் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் எல்லோருக்கும் வடிவைத் தெரியும், எல்லோர் வீட்டு விண்ணப்பத்தையும் அவள் டைப் அடித்துக் கொடுத்திருக்கிறாள். முதலில் தலையை நிமிர்த்தியது கருத்தபாண்டிதான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "அப்பம் என்ன பாத்துக்கிட்டு நிக்கிறிய? நேரம் போகுது" என்றான்.

அதற்குப் பிறகு விலக்கில் நடந்ததைத் திருவிழா என்றுதான் சொல்ல வேண்டும். எட்டுப் பேர் போய் நாற்காலியோடு வடிவை உருட்டிக்கொண்டு வந்தார்கள். இளவட்டங்கள் அவளைத் தூக்கி உள்ளே வைத்துவிடலாம் என்று கையை நீட்டினார்கள். வடிவு நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"என்னை மூட்டை மாதிரி தூக்காதிய. நாற்காலியோட ஏறணும், நாற்காலியோட எறங்கணும். நாளைக்கும் போகணும், நாளன்னைக்கும் போகணும். தெனமும் எட்டுப் பேரு வந்து தூக்குவியளா?"

நியாயமான கேள்வி. வண்டியின் படியோ இடுப்பு உயரம். டீக்கடைப் பெஞ்சைச் சாய்த்துப் போட்டோம், அது அகலம் போதவில்லை, இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டோம், நடுவில் இடைவெளி விழுந்து சக்கரம் சிக்கிக்கொண்டது. அப்போது வடிவே சொன்னாள்.

"பள்ளிக்கூடத்துக்குப் பின்னால ஒரு சாய்வுப் பலகை கெடக்கும். ஓட்டுப் போட மட்டும் என்னை அதுல ஏத்துவாக."

அட, ஆமாம்! அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை அவளை ஏற்றுவதற்கென்றே செய்த பலகை. போய்ப் பார்த்தால் அதன்மேல் மூன்று ஆடுகள் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தன. ஆட்டை விரட்டி, பலகையைத் தலையில் வைத்து, சப்பரம் தூக்குவதுபோல ஓடியே கொண்டுவந்தார்கள். வண்டி உயரத்துக்கு அது பத்தவில்லை, ஆண்டபெருமாள் அண்ணன் தன் கடையின் வாசல்படிக் கல்லையே பெயர்த்துக் கொடுத்தார். நடுவில் இருந்த கூடுதல் பெஞ்சைக் கருத்தபாண்டி கழற்றினான். துருப்பிடித்த நட்டு, அது அசைவேனா என்றது, அவன் விடுவேனா என்றான். மண்ணெண்ணெய் ஊற்றி, சுத்தியலால் தட்டி, நாலாவது நட்டு தெறித்து விழுந்தபோது மணி மூன்றே கால், கூட்டம் விசிலடித்தது. பெஞ்சு வெளியே போனதும் பார்த்தோம், நாற்காலி நிற்க அளவெடுத்த மாதிரி இடம். கிணற்றுக் கயிற்றை நாலாக மடித்து நாற்காலியைக் கட்டக் கொக்கி போட்டான்.

வடிவு பலகையில் ஏறினாள். யாரும் தள்ளவில்லை, அவளே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, கனகாம்பரம் ஆட ஆட ஏறினாள். உள்ளே போய்த் திரும்பி எங்களைப் பார்த்தாள். முப்பத்தைந்து வருஷத்தில் முதல் முறையாக அவள் எங்களை மேலிருந்து பார்த்தாள். கைதட்டினோம் பாருங்கள், வேப்பமரத்துக் காக்காய் எல்லாம் பறந்துவிட்டன.

இடம் இருந்த மட்டும் நாங்களும் ஏறினோம், நான் என் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தேன். வண்டி உறுமியது. குலுங்கியது. இரண்டு குட்டை ஹாரன்.

 மணி மூன்றே முக்கால். "இன்னும் யாருய்யா?" என்று ஆண்டபெருமாள் அண்ணன் வானத்தைப் பார்த்துக் கேட்டார். பதில் கீழத்தெருப் பக்கமிருந்து வந்தது. கண் தெரியாத முத்துக்குட்டி சார், பழைய கணக்கு வாத்தியார், கம்பைத் தட்டிக்கொண்டு வேகவேகமாக வந்துகொண்டிருந்தார்.

"பலகை போட்ட சத்தம் கேட்டுச்சு. எல்லாரையும் ஏத்துதியளோ? எம் மவளுக்கு நேத்து ராத்திரி டவுன் ஆசுபத்திரியில பிள்ளை பொறந்திருக்கு. யாரைக் கூட்டிட்டுப் போகச் சொல்லன்னு தெரியாம வீட்டுக்குள்ளயே நடந்துக்கிட்டு இருந்தேன்."

ஏறிக்கொள்ளுங்கள் சார் என்று ஆளாளுக்கு வழி சொன்னோம், அவர் சிரித்துக்கொண்டே பலகை விளிம்பைக் கம்பால் தட்டித் தட்டித் தானே ஏறினார். அவரைத் தொடர்ந்து, இடுப்பு பிடித்துப்போய் ஆறுமாதமாக ஆஸ்பத்திரிக்குப் போகாத பேச்சியக்கா நிமிராமலே ஏறி வந்தாள். அவளுக்காக நான் என் ஜன்னலோர இடத்தை விட்டு எழுந்தேன். எழுந்து, இறங்கி, கீழே நின்றுகொண்டேன். எனக்கு வலிக்கவில்லை. அவள் அந்த இடத்தில் உட்கார்ந்து "அப்பாடி" என்று சொன்ன சத்தம் எனக்குள்ளும் கேட்டது. சாய்வுப் பலகையை மேலே கேரியரில் கட்டினார்கள், போகிற இடத்திலும் படி இருக்குமே. அதை இறக்க ஆள் வேண்டும் என்று கருத்தபாண்டியும் இன்னும் நாலு பேரும் ஒண்டிக்கொண்டார்கள். இனி ஒரு எலிக்கும் இடமில்லை.

இரண்டு குட்டை ஹாரன்.

மணி நாலு பத்து. வடிவு ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவள் கண்ணில் நீர் கட்டிவிட்டது, துடைக்கவும் இல்லை. தெருவில் யாரும் வருகிறார்களா என்று எல்லோரும் நாலு பக்கமும் பார்த்தார்கள். யாரும் வரவில்லை. முத்துக்குட்டி சார்தான் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"வெளிய யாரோ அழுத மாதிரி இருக்கே. யாரது?"

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் அழுதுகொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"ஏட்டி, நீ வரலயா?" என்றாள் வடிவு.

"எடமில்லட்டி. நீங்க போங்க."

"உனக்கு வரணும்னு இருக்கா, இல்லயா?"

இருந்தது. அவள் கையெழுத்துப் போடுவதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு உயிரே போகிற ஆசையாக இருந்தது. தலையை ஆட்டினேன். வடிவு வண்டிக்குள் ஒவ்வொரு இடமாகப் பார்த்தாள். அவள் இந்த வண்டிக்குப் புதிது, எங்கள் பழக்கம் எதுவும் அவளுக்குத் தெரியாது. ஓட்டுகிற இருக்கையைக் கையால் காட்டினாள்.

"அங்க ஒண்ணு காலியாத்தானே கெடக்கு."

"அதுல துண்டு கெடக்கு!" என்று வண்டியே ஒரே குரலில் பதறியது.

"கெடந்தா? யாரு வந்து உக்காரப் போறாக?"

 நான் முன்பக்கம் போனேன்.  காய்ந்த மல்லிகைப்பூவை ஒதுக்கிவிட்டு நீலக் கரைத் துண்டை எடுத்தேன். அடியில் இருக்கையின் ரெக்சின் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து தேங்காய் நார் பிதுங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை இடமில்லை என்று நான் சொன்னபோதும், அதற்கு முன்னால் ஓடிய அத்தனை நாளும், இந்த ஒரு இடம் காலியாகவே ஓடியிருக்கிறது.

ஒரு நீள ஹாரன்! அப்படி ஒரு நீள ஹாரனை நாங்கள் அதற்கு முன் கேட்டதில்லை. ஸ்டியரிங் என் முழங்காலை உரசியபடி தானாகச் சுழன்றது, வேப்பமரம் பின்னால் ஓடியது, கூட்டம் கொஞ்ச தூரம் கூடவே ஓடி வந்தது. நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடவும் பயந்து, திறக்கவும் பயந்து உட்கார்ந்திருந்தேன். பின்னால் பேச்சியக்கா குலவை போட்டாள். ஓடைப் பாலத்தில் லாரி ஒன்று வழிவிடாமல் படுத்தியது, வண்டி மண்ணில் இறங்கி ஏறி அதைத் தாண்டியபோது, நானே ஓட்டியதுபோல எல்லோரும் என் தோளைத் தட்டினார்கள்.

நாலு நாற்பத்தி மூன்றுக்கு அந்த அலுவலக வாசலில் நின்றோம். நினைத்தபடியே மூன்று படி. கேரியரிலிருந்து பலகை இறங்கியது, வடிவு ஏறினாள், உள்ளே போனாள். நாங்கள் அத்தனை பேரும் பின்னால் நுழையவும், ஏதோ ஊர்வலம் வந்துவிட்டது என்று நினைத்து ஒரு அலுவலர் எழுந்து நின்றுவிட்டார். அவள் நோட்டில் கையெழுத்துப் போட்டாள். செண்பகவடிவு என்ற பெயர் முழுவதையும், சுருக்காமல் போட்டாள்.

ஆஸ்பத்திரியில் முத்துக்குட்டி சார் கையில் பேரனைக் கொடுத்துத் தடவிப் பார்க்க வைத்துவிட்டு, பேச்சியக்காவுக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு, விளக்கு வைக்கிற நேரத்தில் திரும்பிக்கொண்டிருந்தோம். நான் அதே இருக்கையில் இருந்தேன். துண்டு மடித்தபடி என் மடியில். அது மட்டும் மனசை உறுத்தியது. சவரியப்பன் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன், எல்லோரும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தேன்.

"ஆள் நிறைஞ்சுதா?" என்றார்.

"நிறைஞ்சுது அண்ணாச்சி. ஆனா ஒரு தப்பு பண்ணிட்டேன். நீங்க எடம் பிடிச்சுப் போட்டிருந்த துண்டை எடுத்துட்டு அதுல உக்காந்துட்டேன்."

"எடமா?" அவருக்குப் புரியவில்லை. "ஏ பிள்ள, சீட்டு கிழிஞ்சு நார் குத்திக்கிட்டு இருந்துது. யாராவது உக்காந்தா குத்தக் கூடாதேன்னுல்லா துண்டை விரிச்சுட்டு வந்தேன்!"

 வடிவுதான் ஆரம்பித்தாள் சிரிக்க, "இதுக்கா பூ வச்சுக் கும்பிட்டிய?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள், கயிற்றில் கட்டிய நாற்காலி ஆடியது, பேச்சியக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், முத்துக்குட்டி சார் கம்பைத் தரையில் குத்திக் குத்திச் சிரித்தார். நானும் சிரித்தேன். கண்ணீர் வர வரச் சிரித்துக்கொண்டு, துண்டை விரித்து மறுபடி அந்தக் கிழிசலின்மேல் போட்டு, அதன்மேல் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

விலக்குக்கு இன்னும் இரண்டு மைல் இருந்தது. செங்கல்சூளைத் திருப்பத்தில் வண்டி வேகம் குறைந்தது, ஓரம் கட்டியது, இரண்டு குட்டை ஹாரன் அடித்தது. இருட்டில் அங்கே யார் நிற்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியவில்லை. கருத்தபாண்டி பலகையை இறக்கக் கீழே குதித்தான், மற்ற எல்லோரும் யார் என்று கேட்காமலே நகர்ந்து இடம் விட்டோம்.